மெட்ராஸில் மார்மன்கள்: 1853-ல் வந்தாங்க... ஏன் ஒட்டலை?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கில் போயிருந்தால் மணமேல்குடியைக் கண்டிப்பாகக் கடந்திருப்பீர்கள். கட்டுமாவடிக்கும் கோட்டைப்பட்டினத்துக்கும் நடுவில் வரும் ஊர். ஆனால், 63 நாயன்மார்களில் ஒருவரான குலச்சிறையார் இந்த ஊர்க்காரர் என்பது அந்தப் பக்கத்து ஆள்களைத் தவிர பலருக்குத் தெரியாது.

ஏழாம் நூற்றாண்டில் பாண்டியன் நின்றசீர் நெடுமாறனின் அமைச்சராக இருந்தவர் குலச்சிறையார். மன்னர் சமணர், அமைச்சரும் ராணி மங்கையர்க்கரசியாரும் சைவர்கள். வேதாரண்யத்தில் இருந்த திருஞானசம்பந்தருக்கு இவங்க ரெண்டு பேரும் ஆள் அனுப்பி மதுரைக்கு அழைத்தார்கள் என்கிறது பெரியபுராணம். அதற்கப்புறம் பாண்டிய நாட்டின் கதையே மாறியது.

இதில் ஒண்ணு கவனிச்சீங்களா? வெளியூரிலிருந்து வந்தவருக்கு உள்ளே ரெண்டு பேர் இருந்தாங்க. வந்தவரும் தமிழிலேயே பாடினார்.

இந்த ரெண்டுமே இல்லாமல் ஒரு மதம் தமிழ்நாட்டுக்கு வந்தால் என்ன ஆகும்? 1853-ல் அப்படி ஒண்ணு நடந்தது. அமெரிக்காவிலிருந்து மெட்ராஸில் வந்து இறங்கிய மார்மன்களின் கதை அது. அதைப் புரிந்துகொள்ள மார்மன் வரலாற்றின் முக்கியமான திருப்பங்களையும் பார்த்துவிடலாம்.

முதலில், மார்மன்கள் யார்?

சபையின் முழுப்பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'. 'மார்மன்' என்பது மற்றவர்கள் வைத்த பட்டப்பெயர். பைபிளோடு சேர்த்து 'மார்மன் புஸ்தகம்' என்ற நூலையும் இவர்கள் வேதமாக ஏற்பதால் வந்த பெயர். 2018-லிருந்து சபைத் தலைமையே 'எங்களை முழுப்பெயரில் கூப்பிடுங்க' என்று கேட்டுவருகிறது. படிக்க எளிதாக இருக்கணும் என்பதற்காகவே இந்தக் கட்டுரையில் 'மார்மன்' என்று எழுதுகிறோம்.

மது, புகையிலை மட்டுமல்ல, டீ, காபியும் இவர்களுக்கு விலக்கு. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு சபைக்கு. இளைஞர்கள் பலர் இரண்டு வருடம்வரை வேறு ஊருக்கோ வேறு நாட்டுக்கோ ஊழியத்துக்குப் போவார்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்பு பெயர்ப்பட்டையோடு இரண்டிரண்டு பேராகப் போகிறவர்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள்.

தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றே இவர்கள் சொல்கிறார்கள். ஆனால், கூடுதல் வேதம், திரித்துவம் பற்றிய வேறுபட்ட கருத்து ஆகிய காரணங்களால் கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் சபைகள் பலவும் அதை ஏற்பதில்லை.

1830: ஒரு புத்தகம், ஒரு சபை

ஜோசப் ஸ்மித், நியூயார்க் மாகாணத்தின் பால்மைரா பகுதியில் வளர்ந்த விவசாயி வீட்டுப் பையன். 1820-ல், 14 வயதில், தனக்கு தெய்வ தரிசனம் கிடைத்தது என்றார். பிறகு, ஒரு தேவதூதர் காட்டிய இடத்திலிருந்து தங்கத் தகடுகளை எடுத்ததாகவும், அவற்றை தெய்வ அருளால் மொழிபெயர்த்ததாகவும் சொன்னார். அதுதான் 'மார்மன் புஸ்தகம்'. 1830 மார்ச்சில் பால்மைராவில் 5,000 பிரதிகள் அச்சானது. அடுத்த மாதமே, ஏப்ரல் 6 அன்று சபை தொடங்கியது.

நம்புகிறவர்களுக்கு அது அற்புதம், நம்பாதவர்களுக்கு அது கற்பனை. இந்தச் சண்டை இருநூறு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நமக்கு வேண்டியது அடுத்து நடந்தவை. அவற்றுக்கு ஆவணங்கள் இருக்கின்றன.

1838: 'விரட்டுங்கள்' என்று ஓர் அரசாணை

மார்மன்கள் கூட்டமாகக் குடியேறினார்கள்; நிலம் வாங்கினார்கள்; ஒரே மாதிரி ஓட்டுப் போட்டார்கள். அக்கம்பக்கத்தில் பயமும் வெறுப்பும் வளர்ந்தன. 1838 அக்டோபர் 27 அன்று மிசூரி மாகாண கவர்னர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன்களை அழிக்கணும் அல்லது மாகாணத்தை விட்டே விரட்டணும் என்று உத்தரவு போட்டார். மூன்றாம் நாள் ஹான்ஸ் மில் என்ற சின்னக் குடியிருப்பில் 17 மார்மன்கள் கொல்லப்பட்டார்கள். அந்த உத்தரவு அதிகாரபூர்வமாக ரத்தானது எப்போ தெரியுமா? 1976-ல்!

அங்கிருந்து இல்லினாய்ஸ் மாகாணத்தின் நாவூ நகரம். அங்கேயும் பகை. 1844 ஜூன் 27 அன்று, கார்த்தேஜ் ஊர்ச் சிறையில் இருந்த ஜோசப் ஸ்மித்தையும் அவர் அண்ணன் ஹைரமையும் ஒரு கும்பல் புகுந்து சுட்டுக்கொன்றது. அடுத்து தலைமைக்கு வந்த பிரிகாம் யங், மக்களை மேற்கு நோக்கி நடத்திக்கொண்டு போனார். 1847 ஜூலை 24 அன்று இன்றைய யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார். இன்றும் யூட்டாவில் ஜூலை 24 அரசு விடுமுறை.

1852: ஒரே வார இறுதியில் இரண்டு அறிவிப்புகள்

நம்ம ஊர்க் கதை இங்கேதான் தொடங்குகிறது. 1852 ஆகஸ்ட் 28, 29 தேதிகளில் சால்ட் லேக் சிட்டியில் ஒரு சிறப்பு மாநாடு. முதல் நாள், உலகம் முழுக்க அனுப்ப நூறு பேர் அளவில் மிஷனரிகளின் பெயர்கள் படிக்கப்பட்டன. இந்தியாவுக்கு ஒன்பது பேர், சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, நான்கு பேர்.

மறுநாள், அதுவரை வெளியே சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சபை பகிரங்கமாக அறிவித்தது: ஓர் ஆண் பல பெண்களை மணப்பது எங்கள் கோட்பாடுகளில் ஒன்று.

யோசிச்சுப் பாருங்க. ஒரு நாள் 'போய்ப் பிரசாரம் செய்யுங்க' என்று அனுப்புகிறார்கள். மறுநாள், போகிற இடமெல்லாம் கதவைச் சாத்த வைக்கிற செய்தியையும் கூடவே கொடுத்தனுப்புகிறார்கள்!

13 பேரும் சான் பிரான்சிஸ்கோவில் 'மான்சூன்' என்ற கப்பலில் ஏறி, 1853 ஏப்ரல் கடைசியில் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள்.

கல்கத்தாவில் காத்திருந்த ஏமாற்றம்

இவர்கள் வருவதற்கு முன்பே கல்கத்தாவில் ஒரு சின்னத் தொடக்கம் இருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த ஜோசப் ரிச்சர்ட்ஸ் 1851-ல் சிலருக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தார். அவர்களில் அன்னா என்ற இந்திய விதவையும் ஒருவர். இந்தியர்களில் முதல் மார்மனாகச் சொல்லப்படுபவர் இவர்தான். அடுத்து வந்த வில்லியம் வில்ஸ், 1852-ல் 170 விவசாயக் கூலிகள் சேர்ந்துவிட்டதாக உற்சாகமாக எழுதினார்.

ஆனால், 'மான்சூன்' கோஷ்டி வந்து இறங்கியபோது அந்த விவசாயிகளில் பெரும்பாலோர் போய்விட்டிருந்தார்கள். எதிர்பார்த்த ஆதரவு கிடைக்கவில்லை, விலகிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர். அவர்களில் மேத்யூ மெக்கியூன் என்ற ராணுவ அதிகாரியின் குடும்பம் பின்னாளில் யூட்டாவுக்கே குடிபெயர்ந்தது. கல்கத்தாவில் 1849-ல் பிறந்த அவர் மகன் ஆல்ஃப்ரெட், யூட்டாவின் பெரிய பணக்காரர்களில் ஒருவரானார். சால்ட் லேக் சிட்டியில் அவர் கட்டிய மெக்கியூன் மாளிகை இன்றும் நிற்கிறது.

1853 ஜூலை: மெட்ராஸ்

கல்கத்தாவிலிருந்து ஆளுக்கொரு திசை பிரிந்தார்கள். ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன் இருவரும் மெட்ராஸுக்கு. முதல் பயணத்தில் புயலில் கப்பல் சேதமாகி கல்கத்தாவுக்கே திரும்பினார்கள். மறுபடி கிளம்பி, ஜூலை மாதத்தில் மெட்ராஸ் வந்து சேர்ந்தார்கள்.

அப்போ மெட்ராஸில் துறைமுகமே கிடையாது. கப்பல் கடலில் தள்ளி நிற்கும். அலைகளைத் தாண்டி மசூலா படகுகளில்தான் கரைக்கு வரணும். படகோட்டிகள் மீனவர்கள், பேச்சு தமிழ். அதாவது, இந்த இருவரும் மெட்ராஸில் முதலில் நம்பி உயிரைக் கொடுத்ததே தமிழ் பேசுகிறவர்களிடம்தான்!

பாலன்டைன் சாதாரண ஆள் இல்லை. ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1849 டிசம்பரில் சால்ட் லேக் பள்ளத்தாக்கின் முதல் ஞாயிறு பள்ளியைத் தன் வீட்டிலேயே தொடங்கியவர். சம்பளம் கிடையாது. கையில் பணம் வைத்துக்கொள்ளாமல், கேட்கிறவர்கள் கொடுப்பதை நம்பிப் பிழைக்கணும் என்பது அன்றைய மார்மன் மிஷனரிகளின் வழக்கம்.

மெட்ராஸில் அவர் சும்மா இருக்கவில்லை. கூட்டங்கள் நடத்தினார். துண்டுப் பிரசுரங்கள் அச்சடித்தார். மார்மன்களைத் தாக்கி ஒரு பாதிரியார் எழுதியதற்குப் பதில் எழுதினார். பலதார மணம் பற்றி வந்த கேள்விகளுக்கு, இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல ஒரு பிரசுரமே போட்டார். 1854-ல் ஒரு மாதப் பத்திரிகையையும் ஆரம்பித்தார்.

பலன்? விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் உறுப்பினர்களோடு ஒரு சின்ன சபை. உடல்நிலை கெட்டு, ஒரு வருஷத்தில், 1854 ஜூலையில் பாலன்டைன் கப்பல் ஏறினார். ஸ்கெல்டன் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்து, கல்கத்தா வழியாக 1856-ல் ஊர் திரும்பினார். மெட்ராஸ் கதை அத்தோடு முடிந்தது.

ஏன் ஒட்டலை?

ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. நான்கு காரணங்கள் ஒண்ணு சேர்ந்தன.

*ஒன்று, பலதார மணம்.* அறிவிப்பு இந்தியாவின் ஆங்கிலப் பத்திரிகைகள்வரை வந்துவிட்டது. மிஷனரி வாயைத் திறப்பதற்குள் கேள்வி வந்துவிடும்.

*இரண்டு, யாரிடம் பேசினார்கள்.* இவர்களின் கூட்டத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் சிப்பாய்கள், சிறு அதிகாரிகள், இன்று ஆங்கிலோ இந்தியர் என்று நாம் சொல்கிற குடும்பங்கள். கன்டோன்மென்ட்டுக்குள் பேச ராணுவ அதிகாரிகளின் தயவு வேணும். அது பல ஊர்களில் கிடைக்கவில்லை. ரெஜிமென்ட் இடம் மாறினால் சபையும் கலைந்துவிடும்.

*மூன்று, 'கிளம்பி வாங்க' கொள்கை.* மதம் மாறுகிறவர்கள் யூட்டாவில் வந்து கூடணும் என்பது அன்றைய சபையின் எதிர்பார்ப்பு. செங்கல்பட்டு விவசாயி ஒருவர் கடல் தாண்டி அமெரிக்கப் பாலைவனத்துக்கு எந்தக் காசில் போவார்? எதுக்குப் போவார்?

*நான்கு, மொழி.* பாலன்டைன் பேசியது, அச்சடித்தது எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலம். இத்தனைக்கும், அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே பாடம் எழுதப்பட்டிருந்தது. 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு, முதல் வேலையாகத் தமிழ் கற்றார். 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி, வீரமாமுனிவர் ஆகி 'தேம்பாவணி' எழுதினார், 'சதுரகராதி' தொகுத்தார். அவர்களின் மதத்தை ஏற்காதவர்கள்கூட இன்றும் அவர்கள் பெயரைச் சொல்கிறார்கள். பாலன்டைன் பெயர் நம்மில் யாருக்குத் தெரியும்?

ஆனா, ஒரு விஷயத்தை அவர் பக்கமிருந்தும் பார்க்கணும். சீகன்பால்குவுக்குப் பின்னால் டென்மார்க் அரசர் இருந்தார். உட்கார்ந்து மொழி படிக்க நேரமும் இருந்தது. பாலன்டைனுக்கு அடுத்த வேளைச் சாப்பாடே யாராவது கொடுத்தால்தான். ஆங்கிலம் தெரிந்தவர்களிடம் போனால்தான் அன்னைக்குச் சோறு. மொழி படிக்காதது சோம்பேறித்தனம் இல்லை, அனுப்பிய விதத்திலேயே கோளாறு.

'மான்சூன்' கப்பலில் வந்த இன்னொருவர்

சயாமுக்கு என்று அனுப்பப்பட்ட லீவை சாவேஜ் அங்கே போக முடியாமல், பர்மாவில் இரண்டு வருஷம் இருந்தார். பெரிய பலன் எதுவும் இல்லை. திரும்பும் வழியில், 1856-ல், கைவண்டிகளை இழுத்துக்கொண்டு நடந்தே யூட்டா போகும் ஏழை மார்மன்களின் குழுவில் சேர்ந்தார். ஆகஸ்ட் மாதம் ஆகிவிட்டது. 'இப்போ கிளம்பினால் பனியில் மாட்டிக்கொள்வோம், வயசானவர்களும் குழந்தைகளும் சாவார்கள்' என்று கூட்டத்தில் அழுதபடியே எச்சரித்தார். யாரும் கேட்கவில்லை. 'சரி, நீங்கள் போனால் நானும் வருவேன், உங்களோடு சாவதாக இருந்தாலும்' என்கிற பொருளில் சொல்லிவிட்டுக் கூடவே நடந்தார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. அந்தக் குழுவிலும் அதற்குப் பின்னால் வந்த குழுவிலும் சேர்த்து 200 பேருக்கு மேல் இறந்தார்கள். சாவேஜ் பிழைத்து ஊர் சேர்ந்தார். மார்மன் வரலாற்றில் இன்றும் அதிகம் பேசப்படும் சம்பவம் இது.

1857, 1890, 1978: மறைக்க முடியாத மூன்று வருஷங்கள்

துரத்தப்பட்டவர்கள் எப்போதும் நல்லவர்களாகவே இருந்துவிடுவதில்லை. 1857 செப்டம்பர் 11 அன்று, யூட்டாவின் மவுன்டன் மெடோஸில், கலிபோர்னியாவுக்குப் போய்க்கொண்டிருந்த சுமார் 120 பயணிகளை மார்மன் ஆயுதப் படையினர் கொன்றார்கள். பெண்களும் சிறுவர்களும் அதில் அடக்கம். தண்டிக்கப்பட்டவர் ஜான் டி. லீ என்ற ஒரே ஒருவர்.

1890-ல், அமெரிக்க அரசின் கடும் நெருக்கடிக்குப் பிறகு, சபைத் தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப் பலதார மணத்தைக் கைவிடும் அறிக்கையை வெளியிட்டார். 1896-ல் யூட்டா மாகாண அந்தஸ்து பெற்றது. இன்று பலதார மணம் செய்தால் சபையிலிருந்து நீக்கம்தான். இதை இன்றும் கடைப்பிடிப்பவர்கள், பிரிந்துபோன தனிக்குழுக்கள்.

ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்குக் குருத்துவம் கிடையாது என்று ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்த தடை, 1978 ஜூனில்தான் நீங்கியது.

இரண்டாம் வருகை: இந்த முறை உள்ளூர்க்காரர்கள்

மெட்ராஸில் ஒட்டாத விதை, நூறு வருஷம் கழித்து கோயம்புத்தூரில் முளைத்தது. இந்த முறை கப்பலில் யாரும் வரவில்லை. 1950-களில் பால் திருத்துவதாஸ் என்ற கோவைக்காரர் கையில் ஒரு மார்மன் பிரசுரம் கிடைத்தது. அவரே சால்ட் லேக் சிட்டிக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். பல வருஷக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு 1965-ல் ஞானஸ்நானம் பெற்றார்.

அடுத்து ஹைதராபாத். சமோவா தீவில் வேலை பார்த்த எட்வின் தர்மராஜு, எல்சி தம்பதி அங்கே மார்மன்களானார்கள். 1978 டிசம்பரில் சொந்த ஊருக்கு மிஷனரிகளாக வந்தார்கள். 22 பேர் சேர்ந்தார்கள், பெரும்பாலோர் சொந்தக்காரர்கள். எல்சியின் அப்பா பாப்டிஸ்ட் போதகர். மார்மன் புஸ்தகத்தைத் தெலுங்கில் மொழிபெயர்த்தவர் அவர்தான்.

1982-ல் தமிழ், தெலுங்கு, இந்தியில் மார்மன் புஸ்தகத்தின் தேர்ந்தெடுத்த பகுதிகள் வெளியாகின. பாலன்டைன் மெட்ராஸில் இறங்கி 129 வருஷம் கழித்து! இப்போது தமிழில் முழுப் புத்தகமும் உண்டு.

1993-ல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியாவின் தனி மிஷன் தொடங்கியது. 2018 ஏப்ரலில், இந்தியாவின் முதல் மார்மன் ஆலயம் பெங்களூரில் கட்டப்படும் என்று அறிவிப்பு. 2020 டிசம்பரில் கட்டுமானம் ஆரம்பம்.

உலகம் முழுக்க 1.7 கோடி உறுப்பினர்கள் என்கிறது சபை. அதில் இந்தியாவின் பங்கு மிகச் சிறியது. ஆனால், 1853-ல் இல்லாத ஒன்று இப்போது இருக்கிறது. பிரசங்கம் செய்கிறவரும் கேட்கிறவரும் ஒரே மொழியில் யோசிக்கிறார்கள்.

இதில் நமக்கு என்ன?

எந்த மதத்தின் வரலாற்றைப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்க. யார் கூப்பிட்டு வந்தது? எந்த மொழியில் பேசியது? அதிகாரம் யார் பக்கம் இருந்தது?

மணமேல்குடிக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும். சம்பந்தருக்குக் குலச்சிறையார் இருந்தார், தமிழ் இருந்தது, கடைசியில் அரசனும் பக்கம் வந்தார். ஆனால், அரசன் பக்கம் மாறியபோது சமணர்களுக்கு என்ன ஆனது? கழுவேற்றம் பற்றிப் பெரியபுராணம் சொல்வது அப்படியே நடந்ததா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். மிசூரி கவர்னரின் உத்தரவைப் படித்துக் கோபம் வந்தால், மூன்றாவது கேள்வியை நம்ம பக்கத்து வரலாற்றிடமும் கேட்டுப் பார்ப்பதுதான் நியாயம்.

டைம்லைன்: ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க

- 1830: மார்மன் புஸ்தகம் அச்சானது, சபை தொடங்கியது
- 1838: மிசூரி கவர்னரின் விரட்டும் உத்தரவு
- 1844: ஜோசப் ஸ்மித் கொலை
- 1847: சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குடியேற்றம்
- 1851: கல்கத்தாவில் முதல் ஞானஸ்நானங்கள்
- 1852: இந்தியாவுக்கு மிஷனரிகள், பலதார மணம் பகிரங்க அறிவிப்பு
- 1853 ஜூலை: பாலன்டைன், ஸ்கெல்டன் மெட்ராஸ் வருகை
- 1854 ஜூலை: பாலன்டைன் மெட்ராஸை விட்டுக் கிளம்பினார்
- 1857: மவுன்டன் மெடோஸ் படுகொலை
- 1890: பலதார மணத்தைக் கைவிடும் அறிக்கை
- 1965: கோவையில் பால் திருத்துவதாஸ் ஞானஸ்நானம்
- 1978: குருத்துவத்தில் நிறத் தடை நீக்கம்; ஹைதராபாத்தில் தர்மராஜு தம்பதி
- 1982: மார்மன் புஸ்தகத்தின் பகுதிகள் தமிழில்
- 1993: பெங்களூரில் இந்திய மிஷன்
- 2018: இந்தியாவின் முதல் மார்மன் ஆலயம் அறிவிப்பு